பிரெமனில் ஒரு பல்கேரியப் பெண்

நேயர்களே! யாராவது உங்களிடம், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டால், வாயைத் திறக்காமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்? தலையை இப்படியும் அப்படியும் பக்கவாட்டில் லேசாக ஆட்டுவீர்கள். கேட்டவருக்கும் புரிந்துவிடும். இலை போடாமல் போய்விடுவார். இந்தச் சின்ன விஷயம் ஜெர்மனியில் ஒரு நாள் காலையில் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

ஜெர்மனியின் வடக்கே பிரெமன் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே பெரிய ஜங்ஷனில் ரயிலேறினால், அரை மணிக்கும் குறைவான நேரத்தில் ஷோனபெக் என்ற சிறிய ஸ்டேஷனில் இறங்கலாம். பிப்ரவரி மாதக் கடைசி. ஊசி ஊசியாகத் தூறல். காதை அறுக்கும் காற்று. பக்கத்தில் ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகம் இருப்பதாகவும், அதில் நம் நாட்டு மாணவர்கள் நிறையப் பேர் படிப்பதாகவும் கேள்விப்பட்டு, அவர்களைப் பற்றி எழுதலாம் என்று புறப்பட்டிருந்தேன். ரயிலிலிருந்து என்னோடு இறங்கிய ஒரு பெண்ணிடம், "பல்கலைக்கழகத்துக்கு இந்த வழிதானே?" என்று கேட்டேன். அவள் இரண்டு கைகளிலும் பைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். வாய் பேசாமல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.

நம் ஊராக இருந்தால் "ஆமாம்" என்று புரிந்துகொண்டு நடையைக் கட்டியிருப்பேன். ஆனால் ஐரோப்பாவில் பத்து நாள் அடிபட்டு நான் ஒரு பாடம் கற்றிருந்தேன்: "இங்கே பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை என்று பொருள்." ஆகவே வந்தனம் சொல்லிவிட்டு எதிர்த் திசையில் விறுவிறு என்று நடந்தேன். நூறு அடி போவதற்குள் பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம்.

"மன்னிக்க வேண்டும்! நான் பல்கேரியப் பெண். எங்கள் ஊரில் இப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம். தலையை மேலே தூக்கினால்தான் இல்லை" என்றாள் மூச்சு வாங்க. "இங்கே வந்து மூன்றாவது வருஷம். வாய் இங்கிலீஷ் பேசுகிறது. கொஞ்சம் ஜெர்மனும் பேசுகிறது. ஆனால் களைத்துப் போனால் தலை மட்டும் ஊருக்குப் போய்விடுகிறது!"

"அம்மணி, எங்கள் ஊரிலும் அப்படித்தான்!" என்றேன். அவள் கண்கள் அகலமாக விரிந்தன. அந்தப் பைகளில் ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். ஆக, இந்திய மாணவர்களைப் பேட்டி காணப் போனவன், ஒரு பல்கேரியப் பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் மன்னிப்பாராக.

பட்டாளத்தார் விட்டுப்போன இடம்

பல்கலைக்கழகம் என்றதும் கோபுரமும் மணிக்கூண்டும் கற்பனை செய்துகொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாகச் செங்கல் கட்டடங்கள். நடுவில் பரந்த புல்வெளி. "பட்டாளத்துக் குடியிருப்பு மாதிரி இருக்கிறதே!" என்றேன். "மாதிரி என்ன? அதுவேதான்!" என்றாள் அவள்.

1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காகக் கட்டிய முகாம் அது. யுத்தம் முடிந்ததும், வீடு வாசல் இழந்து ஐரோப்பா முழுவதும் அலைந்த அகதிகளை அங்கே தங்க வைத்தார்கள். போலந்துக்காரர், உக்ரேனியர், பால்டிக் நாட்டார் எல்லோரும் பெட்டியும் படுக்கையுமாக இங்கே காத்திருந்து, பக்கத்துத் துறைமுகமான பிரெமர்ஹாவெனில் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். பின்னால் மறுபடியும் ஜெர்மன் ராணுவம் வந்தது. அதுவும் போன பிறகு, 1999ல் பிரெமன் மாநில அரசும், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும், பிரெமன் பல்கலைக்கழகமும் கை கோத்துப் 'பிரெமன் சர்வதேசப் பல்கலைக்கழகம்' என்பதை உண்டாக்கின. 2001ல் முதல் மாணவர்கள் வந்தார்கள். 2006ல் காப்பி வியாபாரத்தில் பேர் பெற்ற யாகோப்ஸ் குடும்பத்தின் அறக்கட்டளை 20 கோடி யூரோ தருவதாக அறிவித்தது. மறு வருஷம் பல்கலைக்கழகம் யாகோப்ஸ் பெயரைச் சூட்டிக்கொண்டது. 2022ல் கை மாறி, 'கன்ஸ்ட்ரக்டர் பல்கலைக்கழகம்' ஆகியிருக்கிறது. பெயர் மாற்றுவதில் நம் ஊர்த் தெருக்கள்தான் முதல் என்று நினைத்திருந்தேன். அந்தக் கர்வம் போயிற்று!

முன்பு சிப்பாய்கள் படுத்த இடத்தில் இன்று 100க்கு மேற்பட்ட நாடுகளின் பிள்ளைகள் படுக்கிறார்கள். விடுதிகளுக்கே அங்கே 'கல்லூரி' என்று பெயர். பாடம் எல்லாம் இங்கிலீஷில். என் பல்கேரியச் சிநேகிதிக்கு ஒரு தனி அறை. அடுத்த அறைக்காரியோடு குளியலறை பொது. அந்த அடுத்த அறைக்காரி நேபாளத்துப் பெண். எதிர் அறையில் ருமேனியா. அதற்கு அடுத்ததில் கென்யா. இரவு பதினொரு மணிக்குப் பொதுச் சமையலறையில் பார்க்க வேண்டுமே! ஒரு சட்டியில் பருப்பு கொதிக்கிறது. இன்னொன்றில் மிளகாய் வதங்குகிறது. மூலையில் ஒரு பையன் மூன்றாம் சட்டிக்கு இடம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். ஐக்கிய நாட்டு சபையில் தீராத வழக்கெல்லாம் இங்கே ஒரு கரண்டி உப்பில் தீர்ந்துபோகிறது.

அறைக்குள்ளே ஒரு தயிர்ப் பானை

அவள் படிப்பது வேதியியலும் உயிர்த் தொழில்நுட்பமும். மூன்று வருஷப் படிப்பு, கடைசி வருஷம். பகலில் வகுப்பும் சோதனைச் சாலையும். வாரத்தில் இரண்டு மாலை ஒரு கடையில் வேலை. அறையைப் பார்க்க அழைத்துப் போனாள். சுவரோரம் வெந்நீர் ஓடும் கணப்பு. அதன் மேல், பழைய கம்பளிச் சட்டையால் கழுத்து வரை போர்த்தி ஒரு கண்ணாடி ஜாடி.

"இது என்ன, காய்ச்சல் வந்த குழந்தையா?" என்றேன்.

"தயிர்!" என்றாள். பல்கேரிய மொழியில் தயிருக்குப் பெயர் 'கிசெலோ ம்லியாகோ'. புளித்த பால் என்று பொருள். கடையில் விற்கும் ஜெர்மன் தயிர் அவள் நாக்குக்குப் புளிப்புப் போதவில்லையாம். ஆகவே பாட்டி கொடுத்த உறையைக் கொண்டு வந்து, மூன்று வருஷமாக அந்த வம்சம் அற்றுப்போகாமல் காப்பாற்றி வருகிறாள். "பாலைக் காய்ச்சி ஆற வைத்து, சுண்டு விரலை உள்ளே விட வேண்டும். சூடு உறைக்க வேண்டும். ஆனால் விரலைப் பிடுங்கத் தோன்றக்கூடாது. அப்போதுதான் உறை ஊற்றலாம். சோதனைச் சாலையில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். பாட்டியின் விரல் சரியாகத்தான் சொல்கிறது" என்றாள். நம் வீட்டுப் பாட்டிமார்களும் அதே விரலைத்தானே விட்டுப் பார்க்கிறார்கள்!

இந்தத் தயிருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பல்கேரியாவின் மேற்கு எல்லையில் த்ரன் பகுதியில் ஸ்துதென் இஸ்வோர் என்று ஒரு குக்கிராமம். அங்கே பிறந்த ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற இளைஞர் ஸ்விட்ஸர்லாந்தில் ஜெனீவாவுக்குப் போய் மருத்துவம் படித்தார். அங்கே சோதனைச் சாலையில் தம் நாட்டுத் தயிரைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரைக் 1905ல் கண்டுபிடித்தார். உலக விஞ்ஞானம் அதற்குப் பல்கேரியாவின் பெயரையே சூட்டியது. இன்று உலகத்தில் பல தயிர்ப் புட்டிகளில் 'பல்கேரிகுஸ்' என்ற பெயர் அச்சாகியிருக்கக் காணலாம்.

"அவர் பிறகு என்ன செய்தார் தெரியுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "ஊருக்குத் திரும்பிப் போனார். த்ரனில் ஆஸ்பத்திரி டாக்டராக வேலை பார்த்தார். இப்போது அவருடைய கிராமத்தில் தயிருக்கு ஒரு மியூஸியமே இருக்கிறது."

'திரும்பிப் போனார்' என்று சொல்லும்போது அவள் குரல் சிறிது தணிந்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது.

வாசலில் ஒட்டிய காகிதங்கள்

அவளுடைய ஊர் பல்கேரியாவின் வடமேற்கு மூலையில், டான்யூப் நதிக் கரையிலுள்ள விடின் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகவும் ஏழைப்பட்ட வட்டாரங்களில் அது ஒன்று. பள்ளிக்கூடத்தைப் பூட்டி வருஷக் கணக்காகிறது. பூட்டுவதற்குக் காரணம் பணமில்லாமை அல்ல, பிள்ளைகள் இல்லாமை.

கைபேசியில் ஒரு படம் காட்டினாள். பழைய மர வாசல். அதில் வரிசையாகக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம், கீழே நாலு வரி. பல்கேரியாவில் யாராவது காலமானால் இப்படி அச்சடித்து வீட்டு வாசலிலும் மரத்திலும் பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டுவது வழக்கமாம். நாற்பதாம் நாள் ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று. நம் ஊர்க் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டியேதான். அளவு மட்டும் சிறியது.

"என் தெருவில் இருக்கும் மனிதர்களை எண்ணினால் ஒன்பது பேர். வாசல்களில் ஒட்டியிருக்கும் முகங்களை எண்ணினால் அதைவிட அதிகம்" என்றாள்.

நேயர்களே! இதைக் கதை என்று எண்ண வேண்டாம். 1985ஆம் வருஷக் கணக்கெடுப்பில் பல்கேரியாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 90 லட்சம். 2021ஆம் வருஷக் கணக்கெடுப்பில் 65 லட்சம். யுத்தமும் இல்லை, பஞ்சமும் இல்லை. பிறப்பு குறைந்தது, இறப்பு மிகுந்தது, மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். 1989 வரை கம்யூனிஸ்டு ஆட்சியில் நாட்டை விட்டு வெளியே போக அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. 2007ல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2014 முதல் ஜெர்மனியில் தடையின்றி வேலை செய்யலாம் என்று ஆயிற்று. "என் தாத்தா கடைசி வரை அந்த எல்லையைத் தாண்டியதில்லை. எங்கள் தலைமுறையில் தாண்டாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது" என்றாள் அவள்.

அவளுடைய தாயார் எங்கே? இத்தாலியில். அங்கே ஒரு வயதான அம்மாளைப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறாள்: குளிப்பாட்டி, சோறூட்டி, மருந்து கொடுத்து. அதற்குச் சம்பளம். அவளுடைய சொந்தத் தாய், அதாவது நம் பெண்ணின் பாட்டி, 78 வயதில் அந்த ஒன்பது பேர் தெருவில் தனியாக இருக்கிறாள். பெண்ணை வளர்த்தது பாட்டிதான். தாயார் அனுப்பிய பணத்தில் படிப்பு நடந்தது.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ஜாடியின் மேலிருந்த கம்பளியைச் சரியாக இழுத்துவிட்டாள்.

பாட்டி அனுப்பும் ஊறுகாய்

துக்கத்தை மட்டும் எழுதினால் அந்தப் பெண்ணே என்னை மன்னிக்க மாட்டாள். ஒரு தமாஷையும் கேளுங்கள். பல்கேரியாவில் இலையுதிர் காலத்தில் வீடு தவறாமல் சிவப்பு மிளகாயையும் தக்காளியையும் சுட்டு அரைத்து, பெரிய அண்டாவில் கிளறி, 'லியுதெனித்சா' என்ற தொக்கு போடுவார்கள். நம் தக்காளித் தொக்குக்குச் சித்தப்பா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், காரம்தான் குறைச்சல். அந்த மிளகாய் கார மிளகாய் அல்லவே! முதல் வருஷம் பாட்டி ஆறு ஜாடி கொடுத்து அனுப்பினாள். இவள் அறியாப் பெண். கைப்பையிலேயே வைத்துக்கொண்டு விமான நிலையம் போனாள். சோதனை செய்யும் அதிகாரி, "இது திரவம், கொண்டு போகக்கூடாது" என்றார். "இதுவா திரவம்? கரண்டி நட்டால் நிற்கும்!" என்று இவள் வாதாடினாள். பலிக்கவில்லை. ஐந்து ஜாடிகள் தொட்டிக்குள் போயின. ஆறாவது ஜாடியை அங்கேயே திறந்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ரொட்டியில் தடவிக் கொடுத்துத் தீர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினாளாம்!

அதற்குப் பிறகு எல்லாம் பஸ் வழியாகத்தான். பல்கேரியாவிலிருந்து ஜெர்மனிக்கு ஓடும் சிறு பஸ்களில் பார்சல் ஏற்றிவிடுவார்கள். அன்று ஸ்டேஷனில் நான் சுமந்த பை அதுதான். நேபாளத்துப் பெண்ணுக்கு ஒரு ஜாடி, கென்யாக்காரிக்கு ஒரு ஜாடி என்று பங்கு பிரித்துப் பெயர் எழுதி வைத்திருந்தாள்.

இன்னொரு வேடிக்கை. அவள் எழுதும் எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, ரஷ்ய எழுத்தா?" என்று யாராவது கேட்டால் போச்சு! அந்த லிபி பல்கேரிய ராஜ்யத்தில் உருவாகிப் பிறகுதான் ரஷ்யாவுக்குப் போயிற்று என்று ஒரு பிரசங்கமே நடக்கும். வருஷா வருஷம் மே 24ஆம் தேதி எழுத்துக்காகவே அவர்கள் நாட்டில் ஒரு திருநாள் உண்டு. 5 யூரோ நோட்டு ஒன்றை எடுத்து, "பாருங்கள், 2013லிருந்து எங்கள் எழுத்திலும் 'யூரோ' என்று அச்சடிக்கிறார்கள். 2026 ஜனவரி முதல் எங்கள் நாட்டு நாணயமும் யூரோதான்" என்று பெருமையோடு காட்டினாள். விடுவேனா? சட்டைப் பையிலிருந்து நம் ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பி, பதினைந்து மொழிப் பட்டியலில் பதின்மூன்றாவது வரியில் தமிழைத் தொட்டுக் காட்டினேன். இருவரும் சற்று நேரம் ஒருவர் நோட்டை ஒருவர் வைத்துக்கொண்டு பார்த்தோம். பிறகு ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டோம்!

போய்ச் சேராத சங்கீத வித்வான்கள்

மறுநாள் பிரெமன் நகரத்தைச் சுற்றிக் காட்டினாள். 1404ல் நிறுத்திய ரோலண்டின் கற்சிலை, பழைய நகர மண்டபம், இரண்டும் பார்த்தோம். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு வெண்கலச் சிலை: கழுதை மேல் நாய், நாய் மேல் பூனை, பூனை மேல் சேவல். கிரிம் சகோதரர்கள் எழுதிய 'பிரெமன் நகர சங்கீத வித்வான்கள்' கதை உங்களில் பலர் குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். கிழடு தட்டிப்போனதால் எஜமானர்கள் கைவிட்ட நாலு பிராணிகள், பிரெமனுக்குப் போய்ப் பாடிப் பிழைக்கலாம் என்று புறப்படுகின்றன. கழுதையின் முன்னங்கால்கள் இரண்டையும் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டால் நினைத்தது நடக்குமாம். ஆயிரக்கணக்கானவர்கள் பிடித்து அந்தக் கால்கள் பொன்னாகப் பளபளக்கின்றன.

"கதையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். அவை பிரெமனுக்கு வரவே இல்லை! வழியில் காட்டில் ஒரு வீடு கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டன" என்றாள் அவள்.

"நீ வந்து சேர்ந்துவிட்டாயே!" என்றேன்.

"வந்து சேர்ந்தேன். போய்ச் சேருவதுதான் தெரியவில்லை" என்றாள்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஜெர்மனியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆனால் இது தனியார் பல்கலைக்கழகம். வருஷத்துக்குச் சுமார் 20,000 யூரோ. பள்ளியில் இவள் படித்தது இங்கிலீஷ், ஜெர்மன் தெரியாது. ஆகவே இங்கே வந்தாள். ஒரு பகுதிக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது, மற்றது கடன். படித்து முடித்துச் சம்பாதித்து அடைக்க வேண்டும். தொகையை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், பெயரையும்தான். கணக்கு மட்டும் சொல்லலாம்: பிரெமனில் ஒரு தொழிற்சாலைச் சோதனைச் சாலையில் வேலை கிடைத்தால் இரண்டு, மூன்று வருஷத்தில் கடன் தீரும். விடினில் வேலை கிடைத்தால், அதுவே முதலில் ஒரு அதிசயம். அந்தச் சம்பளத்தில் கடனை அடைக்கப் பத்து வருஷமாவது ஆகும்.

"ஊருக்குப் போக வேண்டுமானால் கடனை அடைக்க வேண்டும். கடனை அடைக்க வேண்டுமானால் ஊருக்குப் போகக்கூடாது" என்றாள். "பாட்டி என்ன சொல்கிறாள் தெரியுமா? 'நான் அவசரப்படவில்லை' என்கிறாள்."

நான் ஒன்றும் பேசவில்லை. 78 வயதில் அவசரமில்லை என்று சொல்வதற்கு எவ்வளவு மனத் திடம் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கழுதையின் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

சிவப்பும் வெள்ளையும்

நான் புறப்பட்ட நாள் மார்ச் 1. அன்று பல்கேரியருக்கு விசேஷ தினம். மார்ச் மாதத்தை அவர்கள் 'பாபா மார்தா' என்கிறார்கள். 'மார்ச்சுப் பாட்டி' என்று வைத்துக்கொள்ளலாம். சிரித்தால் வெயில், கோபித்தால் பனி. அந்தப் பாட்டியைக் குளிர்விக்கச் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலை ஒருவர் கையில் ஒருவர் கட்டுவார்கள். 'மார்தெனித்சா' என்று பெயர். ஒரு நாரையையோ, தகைவிலானையோ, பூத்த மரத்தையோ காணும் வரை அதைக் கழற்றக்கூடாது; கண்டதும் கழற்றி மரத்தில் கட்டிவிட வேண்டும்.

அன்று காலை விடுதியில் எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல்! நேபாளம், ருமேனியா, கென்யா, சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் ஜெர்மன் அம்மாள் வரை. ருமேனியாக்காரி மட்டும், "இது எங்கள் நாட்டு வழக்கமும்தான்!" என்று சண்டை போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். என் கையிலும் ஒன்று ஏறியது.

ஷோனபெக் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. ஏறிக்கொண்டு, கதவருகே நின்று, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன்: "கடன் தீர்ந்ததும் ஊருக்குப் போய்விடுவாய் அல்லவா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால், தலையை மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டினாள்.

ஜெர்மன் பாடப்படி அது 'இல்லை'. பல்கேரியக் கணக்கில் 'ஆமாம்'. நம் கணக்கிலும் 'ஆமாம்'. இரண்டு ஓட்டுக்கு எதிராக ஒரு ஓட்டு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்தேன்.

சென்னை வந்த பிறகும் நூலைக் கழற்றவில்லை. "எந்தக் கோயில் கயிறு?" என்று காரியாலயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், "மார்ச்சுப் பாட்டி கோயில்" என்று சொல்லி வைத்தேன். மூன்றாவது வாரத்தில் வேடந்தாங்கல் போகச் சந்தர்ப்பம் வாய்த்தது. ஏரி நடுவே மரத்துக்கு மரம் நாரைகள். ஊரை விட்டு வந்த புலவர் ஒருவர் மனைவிக்கு நாரையைத் தூது விட்ட நாடல்லவா நம்முடையது! கரையில் ஒரு மரக் கிளையில் நூலைக் கட்டிவிட்டு, படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

அரை மணியில் பதில் வந்தது: "பாட்டிக்குக் காட்டினேன். அவள் தெருவிலும் நாரை வந்துவிட்டதாம். மின்சாரக் கம்பத்தின் மேல், போன வருஷம் கட்டிய அதே கூட்டில்."

நாரைகளுக்குக் கடன் கிடையாது.